மாமனார் வீட்டுக்கு நான் பெயின்ட் அடித்த கதை

புதிதாகப் பெயின்ட் அடித்த வீட்டைப் பார்க்கும்போது எல்லோருக்கும் ஒரு நினைப்பு வரும். 'இதில் என்ன பெரிய வித்தை, நாமே அடித்திருக்கலாமே' என்று. பெரும்பாலானவர்கள் அப்படி நினைத்துவிட்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். நான் பிரஷ் வாங்கப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு தேர்தல் கோடை அது. சுமதியும் நானும் காதலித்து, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, அசோக் நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மேற்கு மாம்பலத்தில் சொந்த வீடு வைத்திருந்த என் மாமனார், மகளை மன்னித்துவிட்டார். என்னை மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போவோம். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று அத்தையிடம் சொல்வார். அந்த 'அவர்' நான்தான். ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை.

பெங்களூரில் இருந்த மூத்த மகளின் பிரசவத்துக்காக மாமாவும் அத்தையும் கிளம்பிப் போனார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, சாவியை எங்களிடம் கொடுத்தார்கள். அந்த வீட்டுச் சுவர்கள் காரை பெயர்ந்து பரிதாபமாக இருந்தன. எனக்குள் ஒரு யோசனை பளிச்சிட்டது. (அந்த வயதில் எனக்கு யோசனைகள் அடிக்கடி பளிச்சிடும். சுமதி, 'ஃப்யூஸ் போவதற்கு முன் பல்பும் அப்படித்தான் பளிச்சிடும்' என்பாள்.)

"உள்ளயும் வெளியயும் நாமளே பெயின்ட் அடிச்சு வச்சுடலாம். திரும்பி வந்து பார்த்தா உங்க அப்பா அசந்து போயிடுவார்" என்றேன்.

"உனக்கு அடிக்கத் தெரியுமா?"

"சுவர்தானே, எங்க ஓடிடப் போகுது?"

லீவு போட்டுவிட்டு, சுமதியோடு அந்த வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். ஹாலுக்குச் சந்தன நிறத்தில் டிஸ்டெம்பர் என்று முடிவு செய்தோம். கடைக்காரர் வெள்ளை டிஸ்டெம்பரும், கலப்பதற்குக் குட்டிக் குட்டி மஞ்சள் பாட்டில்களும் கொடுத்தார். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலந்துகொள்ள வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு பக்கெட்டாகக் கண்ணளவில் கலந்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் ஹாலின் ஒரு சுவர் சந்தனம், ஒன்று எலுமிச்சை, ஒன்று பலாச்சுளை. டி.வி. வைக்கும் சுவர் சாம்பார். சுமதி ஹால் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் அப்பாவின் மகள்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வெளியிலாவது பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். காம்பவுண்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சுண்ணாம்பு ஏமாற்றாது. வெயிலில் காயக் காயப் பால் போல வெளுத்தது. கடைசி பட்டை அடித்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"சார், சொவுரு சூப்பரா கீது. உங்களுதா?"

அந்த வீட்டு விஷயத்தில் என்னை ஒருவர் பாராட்டியது அதுவே முதல் தடவை. "நம்ம வீடுதான்" என்றேன்.

"நம்ம சொவுருனு வச்சுக்கலாமா சார்?"

எவ்வளவு நல்ல மனிதர் என்று நெஞ்சு குளிர்ந்தது. "தாராளமா. உங்க சுவர்னே வச்சுக்கோங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் உள்ளே போய்ப் பாக்கியிருந்த கதவுகளுக்குப் பாட்டில் பச்சை எனாமல் அடித்தேன். டர்பன்டைன் கலந்து அடிக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். நீர்க்க விடாமல் கெட்டியாக அடித்தால் பல வருஷம் உழைக்கும் என்பது என் கட்சி. பாத்ரூம் கதவுக்கு இரண்டு பக்கமும் அடித்தேன், விளிம்புக்கு அடித்தேன், ஆர்வத்தில் தாழ்ப்பாளுக்கும் அடித்தேன்.

மறுநாள் காலை பால் வாங்கப் போன சுமதி, பால் இல்லாமல் திரும்பி வந்தாள். "கொஞ்சம் வெளிய வா" என்றாள். அவள் குரலே சரியில்லை.

என் பால் வெள்ளைச் சுவர் முழுக்க, ஆள் உயரத்துக்கு ஒரு சீப்பு வரைந்திருந்தார்கள். பக்கத்தில் சிவப்பும் நீலமுமாக, 'உங்கள் சின்னம் சீப்பு'. அதற்குக் கீழே, 'இந்த வீட்டு ஓட்டு சீப்புக்கே'.

மாமா அரசாங்க உத்தியோகஸ்தர். கட்சிக்காரர் யாராவது தெருவில் எதிரே வந்தால்கூட அந்தப் பக்கம் கடந்து போகிறவர். அந்தத் தேர்தலில் அவருக்கு வாக்குச்சாவடி ட்யூட்டி வேறு போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, அவர் தலை வழுக்கை. சீப்புக்கு அங்கே வேலை போய்ப் பல காலம் ஆகியிருந்தது.

சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க நான் திரும்புவதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தேர்தல் பயிற்சிக்கு உடனே வரச் சொல்லி ஆபீசிலிருந்து தகவல் போனதால், மாமாவும் அத்தையும் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டார்கள்.

மாமா இறங்கினார். சுவரை இடமிருந்து வலமாகப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். உள்ளே வந்தார். ஹாலின் நான்கு சுவர்களையும் பார்த்தார்.

"சுமதி, நாம சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கோமா?"

அவள் பதில் சொல்வதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். "அப்பா, கதவைச் சாத்தாதீங்க" என்று அவள் ஓடுவதற்குள் கதவு சாத்தப்பட்டு, தாழ்ப்பாளும் விழுந்துவிட்டது.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம். பிறகு முனகல். பிறகு கதவைத் தட்டும் சத்தம். காயாத பெயின்டில் தாழ்ப்பாள் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் கைதான் வழுக்கியது. விளிம்பு நிலையோடு பசை போட்டது போலப் பிடித்துக்கொண்டது.

"இந்தக் கதவுக்கு யார் பெயின்ட் அடிச்சது?"

"நான்தான் மாமா."

உள்ளே தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் நின்றது. பிறகு, கல்யாணம் ஆனதிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்த அந்தக் குரல், என்னிடமே நேராகப் பேசியது.

"மாப்பிள்ளை, உங்களுக்கு என்மேல ஏதாவது கோபமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் மேளச் சத்தம். நேற்றைய சைக்கிள்காரர் முன்னால் வர, பின்னால் ஒரு கூட்டம். நடுவில் வெள்ளை வேட்டியில், கையில் மாலையோடு வேட்பாளர்.

"ஓனர் எங்க சார்? அண்ணன் நேர்ல பாத்து நன்றி சொல்ல வந்துகீறாரு."

"பாத்ரூம்ல மாட்டிக்கிட்டார்" என்றாள் அத்தை. இந்த மாதிரி நேரத்தில் பொய் சொல்லத் தெரியாத குடும்பம்.

"அய்யே. நவுரு சார் நீ." இரண்டு பேர் தோளைக் கொடுத்து மோதினார்கள். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு கதவு திறந்தது.

இடுப்பில் துண்டோடு மாமா நின்றார். உள்ளங்கை இரண்டும் பச்சை. வியர்வையைத் துடைத்த இடத்திலெல்லாம், நெற்றியிலிருந்து உச்சந்தலை வரை பச்சை. அவர் சுதாரிப்பதற்குள் வேட்பாளர் மாலையைக் கழுத்தில் போட்டு, பச்சைக் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்தக் கையிலேயே ஒரு சீப்பைக் கொடுத்தார். கூட்டம் கை தட்டியது. கொடுத்த பிறகுதான் வேட்பாளர் மாமாவின் தலையைக் கவனித்தார். அவருக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நான் கவர்மென்ட் சர்வன்ட்" என்றார் மாமா, ஈனஸ்வரத்தில். "எனக்கு எலக்‌ஷன் ட்யூட்டி இருக்கு."

மேளம் நின்றது. வேட்பாளர் சைக்கிள்காரரை ஒரு பார்வை பார்த்தார். "இந்த சார்தான் நம்ம சொவுருனு வச்சுக்கச் சொன்னாரு" என்று அவர் என்னைக் கை காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேட்பாளர் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டு, சுவரைப் பழையபடி ஆக்கித் தருவதாக வாக்குக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் ஆள் விட்டுச் சீப்பின் மேல் வெள்ளை அடித்துக் கொடுத்துவிட்டார். அரசியலில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய அவர் டெபாசிட் இழந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

அவர்கள் போனதும் மாமாவை ஸ்டூலில் உட்கார வைத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அவர் தலையைத் துடைத்தேன். "கண்ணுல பட்டுடாம, மாப்பிள்ளை" என்றார். கொஞ்சம் கழித்து, "காதுக்குப் பின்னாடியும் இருக்கு பாருங்க" என்றார். சமையலறையில் அத்தையும் சுமதியும் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. மாமாவின் தோளும் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், உள்ளே நுழைவதற்கு முன் மாமா கதவை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்து, "மாப்பிள்ளை, இது காஞ்சுடுச்சா?" என்று கேட்பார். நானும் தொட்டுப் பார்த்து, "காஞ்சுடுச்சு மாமா, வாங்க" என்று சொன்னால்தான் உள்ளே வருவார். என் மகள் கல்யாணத்தில், மண்டப வாசலிலும் இது நடந்தது. பக்கத்தில் நின்ற சம்பந்தி ஒன்றும் கேட்கவில்லை. பெண் வீட்டுச் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவரும் பயபக்தியோடு கதவைத் தொட்டுவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார்.