நுரை எங்கள் ஏற்பாடு அல்ல

ஓசூர்,
கால்வாய்க்கரைத் தெரு.

மதிப்பிற்குரிய திரு. வெங்கடப்பன் அவர்களுக்கு,

திம்மராயன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ‘சம்பந்தி அவர்களுக்கு’ என்றுதான் முதலில் தொடங்கினேன். “யோசிச்சுச் சொல்றோம்” என்று தாங்கள் தரகரிடம் சொல்லியனுப்பியிருக்கும் நிலையில் அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று சந்தேகம் வந்து, அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு வேறு தாளில் எழுதுகிறேன். பழைய தாளைக் கிழிக்கவில்லை. இங்கு நாங்கள் அனைவரும் நலம். தங்கள் நலமும், வெங்கடம்மாள் அம்மாவின் நலமும், தங்கள் இடது முழங்காலின் நலமும் அறிய ஆவல். ராயக்கோட்டையில் தக்காளி விலை ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மண்டி வைத்திருப்பவருக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது எனக்குத் தெரியாததால் வாழ்த்தாமல் விடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை காலை எங்கள் ஸ்டேஷனின் புது வாசலில் தாங்கள் விழுந்த நுரை எங்கள் ஏற்பாடு அல்ல. நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிக்க வந்த பெரியவர்களை, “பொண்ணு வீட்டுக்காரங்க நுரை மெஷின் வச்சு ஆடம்பரம் பண்ணி, தள்ளியும் விட்டுட்டாங்க” என்று தாங்கள் சொன்னதாகத் தரகர் வந்து சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐயா, நான் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன். தீபாவளிக்கே கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறவன். என்னைப் பார்த்து ஆடம்பரம் என்ற சொல்லை இதுவரை யாரும் சொன்னதில்லை. அது கால்வாய் நுரை. கம்பெனிக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து கால்வாயில் வருகிறது, இரவில் மழை பெய்தால் காலையில் பொங்கி நிற்கிறது. அந்தக் கால்வாயின் கரையில், கரையைவிடத் தாழ்வாக, ஒரு ரயில்வே வாசலைக் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். என் கையில் இப்படி ஒரு பாகம் வந்திருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியிருப்பேன். வாசலுக்குச் சீட்டு ஒட்ட யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியாமல்தான் இருக்கிறேன்.

அந்த வாசல் வழியாக வரும்படி தங்களிடம் போனில் சொன்னது நான்தான். அதை மறுக்கவில்லை. பழைய வாசலில் இறங்கினால் ஆட்டோ பிடித்து ஊரைச் சுற்றி வரவேண்டும். புது வாசலில் இறங்கினால் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் எங்கள் தெரு. ஆனால் சோதிக்காமல் சொல்லிவிடவில்லை. தாங்கள் வருவதற்கு முன்பு ஒத்திகையே பார்த்தேன். மகள் சௌமியாவைத் தாங்களாகவும் என் மனைவி முனிலட்சுமியை வெங்கடம்மாள் அம்மாவாகவும் பாவித்து, தாம்பாளத் தட்டுடன் பிளாட்பாரத்திலிருந்து நடந்து வரச் சொல்லி, நான் படியடியில் நின்று வரவேற்றேன். சௌமியா தங்களைப் போலவே மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். மரியாதைக் குறைவாக எண்ணவேண்டாம், நான்தான் அப்படி நடக்கச் சொன்னேன். மறுவாரமும் பார்த்தோம். படி சுத்தமாக இருந்தது, கால்வாயில் கறுப்பாகத் தண்ணீர் போனது, துளி நுரை இல்லை. சௌமியாவுக்கு லீவு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்பதால் ஒத்திகை எல்லாமே ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போன பிறகு முனிலட்சுமி என்னைப் பார்த்து, “ஏங்க, ஞாயித்துக்கெழம கம்பெனிக்கு லீவு. நுரைக்கும் லீவுதான். இத்தன வருசம் கம்பெனில இருந்துட்டு இது தெரியாதா உங்களுக்கு?” என்று கேட்டாள். தெரியவில்லை ஐயா. வேலையில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையில் நான் கால்வாய்ப் பக்கம் போனதில்லை. மற்ற நாளில் கம்பெனிக்குள் இருந்தேன்.

புதன்கிழமை நடந்தது தங்களுக்குத் தெரியும். தங்களுக்குத்தான் நடந்தது. ஆனாலும் என் பக்கமிருந்து சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது, அதை எழுத மூன்று நாளாகத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன். படியின் கீழ்ப்பகுதி முழுவதும் வெள்ளை வெளேரென்று நுரை. மேலே திறப்பு விழாவுக்குக் கட்டிய ‘வருக வருக’ பேனரை இன்னும் எவனும் கழற்றவில்லை. இரண்டு பக்கமும் வாழைமரம் காய்ந்துபோய் நிற்கிறது. தாங்கள் படியில் தயங்கி நின்றீர்கள். வெங்கடம்மாள் அம்மா பேனரைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்து, “இதந்தா மா கோசமா?” என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். இதெல்லாம் எங்களுக்காகவா என்று கேட்கிறார், இல்லையம்மா இது சாக்கடை என்று நான் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் மாப்பிள்ளையைப் பெற்ற தாய், முதல்முறையாக எங்கள் வாசலில் நின்று சந்தோஷப்படுகிறார். அந்த முகத்தைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஆமாங்க” என்றேன்.

அந்த ஒரு சொல்தான் என் குற்றம். மற்றதெல்லாம் படி கட்டியவன் குற்றம். தாங்கள் தாம்பாளத்தோடு கம்பீரமாக நுரையில் இறங்கினீர்கள், கடைசிப் படி எங்கே முடிகிறது என்று நுரைக்குள் தெரியவில்லை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடியை அவன் மேலே பாதியோடு நிறுத்திவிட்டான், அடுத்த நொடி தங்கள் தலையும் வெற்றிலைத் தட்டும் மட்டும் வெளியே இருந்தன. தட்டை விடாமல் தாங்கள் பிடித்திருந்ததை எங்கள் தெருவில் இன்றும் புகழ்கிறார்கள். கழிவுச் சாயத்தில் பட்டு வேட்டி நீலமாகிப்போனதும் வலது செருப்பு மிதந்து போனதும் எனக்குத் தீராத வருத்தம். செருப்பைத் தேடிக் குடைக்காம்பால் நான் துழாவினேன். கிடைக்கவில்லை.

அன்று மதியமே நியாயம் கேட்கப் புறப்பட்டேன். நான் நியாயம் கேட்கிற ஆளல்ல. ஹோட்டலில் சாம்பாருக்குப் பதில் ரசம் ஊற்றினாலும் சாப்பிட்டுவிட்டு வருகிறவன். இருந்தாலும் போனேன். ஸ்டேஷனில், நுரை கால்வாயில் உண்டாவது, எங்கள் இடத்தில் சும்மா ஒதுங்குகிறது என்றார்கள். கால்வாயைப் பார்க்கிற அலுவலகத்தில், படியேறிவிட்டால் அது ரயில்வே நுரை என்றார்கள். மூன்றாவதாக ஒரு அதிகாரி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, “பெரியவரே, அது கர்நாடகா நுரைங்க. பார்டர் தாண்டி வருது. நாம என்ன பண்றது, சொல்லுங்க?” என்று என்னிடமே யோசனை கேட்டார். நான் என்ன சொல்ல? நுரையை நிறுத்திக் கன்னடத்தில் ஊர் விசாரிப்பதா? அங்கேயிருந்து வருவது பாதி என்றால் இங்கேயிருந்து சேர்வது பாதி இல்லையா என்று கேட்க நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு முனிலட்சுமியிடம் கேட்டேன்.

சரி, தெருக்காரர்களாவது சேர்ந்து வருவார்கள், நுரை தீருகிறவரை வாசலை மூடச்சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால், மனுவைப் படித்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். டீக்கடை ஜமீர் அகமது, “சார், வாசலை மூடிட்டா நான் யாருக்கு டீ ஆத்துறது? கால்வாய்க்கா?” என்றார். இத்தனை காலம் இந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன ஜனங்கள், வாசல் வந்த பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்று டீ குடிக்கிறார்களாம். எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ரிஹான் அதற்கும் மேலே. கல்யாண ஜோடிகளை நுரைக்குள் நிறுத்திப் படம் எடுக்கிறானாம். மேகத்தில் நிற்பதுபோல விழுகிறதாம். பாகலூரிலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் ஜோடி ஜோடியாக வந்து இறங்குகிறார்கள். “நுரை போச்சுன்னா என் பொழப்பு போச்சு சார், மனுவுல என் வயித்துல அடிக்காதீங்க” என்கிறான். என்ன ஊர் ஐயா இது? விஷம் பொங்கி வாசற்படி ஏறுகிறது, அதில் நின்று சிரித்துக்கொண்டு போஸ் கொடுக்கிறதுங்க. பிறகு சொறிந்துகொண்டு போகுதுங்க. கேட்க ஆளில்லை. மனுவில் என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அதுவும் பென்சிலில்.

இவ்வளவுக்கும் நடுவில் என் கவலை சௌமியாதான். அவளுக்கும் தங்கள் மகன் நவீன்குமாருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. இப்போது அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை. கேட்டால் “சரியாயிடும்ப்பா” என்கிறாள். பெங்களூரு வேலைக்கு வழக்கம்போலப் போய் வருகிறாள், சாயங்காலம் மட்டும் வீடு சேரத் தாமதமாகிறது. நுரையைச் சுற்றிக்கொண்டு வருகிறேன் என்கிறாள். அதிர்ச்சி உள்ளே இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஐயா, குறையுள்ள வாசலைப் பார்த்து எங்கள் குடும்பத்துக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடாதீர்கள். தாங்கள் மனமிரங்கி இன்னொருமுறை வாருங்கள். பழைய வாசல் வழியாக வாருங்கள். அல்லது பஸ்ஸில் வாருங்கள். வருவதானால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்தப் புது வாசலில் என் உயிர் உள்ளவரை என் குடும்பத்தார் யாரும் கால் வைக்கமாட்டோம் என்று உறுதி கூறுகிறேன்.

வெங்கடம்மாள் அம்மாவுக்கு என் வணக்கத்தையும், அவரிடம் நான் சொன்ன “ஆமாங்க”வுக்கு மன்னிப்புக் கோரிக்கையையும் சேர்ப்பிக்கவும். நவீன்குமாருக்கு எங்கள் ஆசீர்வாதம், அதைச் சொல்லும் இடத்தில் நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்றால்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கவும் அஞ்சவும் செய்யும்,
மு. திம்மராயன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கச் சொல்லிச் சௌமியாவிடம் கொடுத்தேன். ஒட்டாத உறையாக இருந்ததால் படித்துவிட்டாள். படித்துவிட்டு, “அப்பா, ஸ்டேஷன் வரைக்கும் ஒருதடவ நடந்துட்டு வாங்க” என்றாள். போனேன். ‘வருக வருக’ பேனரை ஒருவழியாகக் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் ரிஹான் ஸ்டுடியோ விளம்பரம் தொங்குகிறது. அதில், முழங்கால் வரை நுரையில், சௌமியாவும் நவீன்குமாரும். சனிக்கிழமை எடுத்ததாம். ஷிப்ட் முடிந்து தங்கள் மகன் தினமும் சாயங்காலம் அந்த வாசலுக்கு வந்துவிடுகிறாராம். ஊர் முழுக்கத் தெரியும், நம் இரண்டு வீட்டுக்குத்தான் தெரியாது. ஜமீர் அகமது, “ஜோடி நல்லா இருக்குதுங்க சார்” என்று எனக்கு டீ கொடுத்துக் காசு வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது, மேகத்தில் நிற்பதுபோலவே. கோபப்பட முயன்றேன், டீ ஆறுவதற்குள் முடியவில்லை. நவீன்குமார் கையில் ஏதோ தூக்கிப் பிடித்திருக்கிறாரே, கிரிக்கெட் கோப்பையா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். தங்கள் வலது செருப்பு. கழுவிக் காயவைத்திருக்கிறது.

மனுவை ஒத்திவைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் பேனாவில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இரு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படத்துக்கும் ரிஹானிடம் பிள்ளைகள் சொல்லிவைத்துவிட்டார்கள். ஆகையால் சம்பந்தி அவர்களே, புது வாசல் வழியாகவே வாருங்கள். பழைய வேட்டி கட்டிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம்.