லினக்ஸ் போட்டதில் காணாமல் போன உன் மச்சானின் பாட்டுகள்

ராசிபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி கௌதமனுக்கு, அக்கா சௌந்திரம் எழுதுவது. இங்கு நானும் உன் மச்சானும் உடம்பளவில் நலம். பெங்களூரில் நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேங்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். மனசு ஒரு நிலையில் இல்லை, சாமி.

ஆடிக்கு வந்தபோது எங்கள் லேப்டாப் முக்கி முனகுவதைப் பார்த்து, "லினக்ஸ் போட்டா பறக்கும்" என்று ஒரு பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாயல்லவா? போன ஞாயிற்றுக்கிழமை உன் மச்சான் அதைப் போட உட்கார்ந்தார். போர்வெல் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றிப் பாறையைத் துளைத்த மனுஷனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சார்ஜர் வயர் லூஸ் என்பதால் அதை அழுத்திப் பிடிப்பது என் பொறுப்பு. எந்த மொழி என்று கேட்டது, தமிழும் இருக்கவே சந்தோஷமாகத் தமிழைத் தொட்டார், அதற்கப்புறம் வந்த தமிழ் இரண்டு பேருக்கும் புரியவில்லை, அணைத்துவிட்டு மறுபடி இங்கிலீஷில் ஆரம்பித்தோம். விண்டோஸையும் கூடவே வைத்துக்கொள்வதானால் டிஸ்க்கைப் பார்ட்டிஷன் பண்ண வேண்டும் என்று வந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. காட்டைப் பாகம் பிரித்தபோது அண்ணன்மார் கிணற்றுப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இவருக்கு வெறும் பாறையான கரட்டைத் தள்ளிவிட்டது உனக்குத்தான் தெரியுமே. "பாகம் பிரிச்ச ஊடு எங்க புள்ள உருப்பட்டுது? எல்லாம் ஒண்ணாவே இருக்கட்டும்" என்றார். "ஏனுங்க, கௌதமன ஒரு வார்த்தை கேட்டுட்டு அமுத்துங்க" என்றேன். "அவன் மீட்டிங்ல இருப்பான்" என்று சொல்லிவிட்டு, டிஸ்க் முழுவதையும் அழிக்கிற பொத்தானை அமுக்கிவிட்டார். (இதை எழுதாதே என்கிறார். நடந்ததைத்தானே எழுதுகிறேன்.)

திரையில் ஒரு கோடு நகர்ந்தது, நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. வயரைப் பிடித்த என் கை மரத்துப்போனது, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழுந்து போகவும் வழியில்லை. கடைசியில் பாஸ்வேர்டு கேட்டது. "என்னத்த அடிச்சாலும் புள்ளிதான் உழுகுது" என்று கீபோர்டைத் துண்டால் துடைத்துத் துடைத்து அடித்தார். ஒருவழியாகத் திறந்தது. நீ சொன்ன மாதிரி பறக்கத்தான் செய்தது. ஆனால் வேலையை விட்டு வந்த மூன்று வருஷமாக, விடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பாடிப் பதிந்து வைத்திருந்த பாட்டில் ஒன்றுகூட இல்லை. "என்ர பாட்டெல்லாம் எங்க புள்ள?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். சேலத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். "சுத்தமாத் தொடச்சுட்டு வந்திருக்கீங்களேங்க" என்று சிரித்தான் கடைக்காரன். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்குவதில்லை, படுத்தால் ஃபேனைப் பார்க்கிறார், எழுந்தால் வாசலுக்கும் லேப்டாப்புக்குமாக நடக்கிறார். அந்தத் தங்கமான குரலைக் கேட்காமல் எனக்கும் வீடு வெறிச்சென்று இருக்கிறது. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் ஏதோ உண்டாமே. லீவு போட்டாவது வந்து மீட்டுக் கொடு.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். உன் கை தொட்ட காரியம் எல்லாம் கைகூடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
சௌந்திரம்

பி.கு.: உன் மச்சான் கவர் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். குரலைப் பற்றி மேலே எழுதியது, அவர் பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதியது. இந்த வாரம்தான் நான் விடிந்த பிறகும் தூங்குகிறேன். பக்கத்து வீட்டு வசந்தாமணி பணியாரத்தோடு வந்து, "ஏனுங்க்கா, அண்ணன் ஊர்ல இல்லீங்களா?" என்று முகமெல்லாம் சிரிப்பாக விசாரித்துவிட்டுப் போனாள். உன்னை வரவே வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் சற்றுமுன் அவர் லினக்ஸில் மைக்கைத் தட்டிப் பார்த்தார். விண்டோஸில் மூக்கடைத்த மாதிரி இருந்த குரல் இதில் கணீரென்று கேட்கிறதாம். "கௌதமன் வாரானோ இல்லியோ, மொதப் பாட்டுல இருந்து மறுக்காப் பாடிப் போடறேன் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். அதனால் நிஜமாகவே வா சாமி, கடிதம் கிடைத்த அன்றைக்கே வா. பழைய பாட்டுகள் கிடைத்துவிட்டால் காதில் ஹெட்போனை மாட்டி, அவர் குரலை அவரையே கேட்க வைத்துவிடலாம்.