அக்கசந்திரம் ஏரிக்கு மந்திரி சொன்ன பதில்

"மூணு மணிக்குள்ள பதில் வேணும். நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப்போட இது உங்க வீட்டுக் கேள்வி இல்லேய்யா, சட்டசபைக் கேள்வி!"

பி.டி.ஓ. மேஜைமேல் போட்ட காகிதத்தின் மூலையில் 'மிக மிக அவசரம்' என்று சிவப்புச் சீட்டு குத்தியிருந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஜான்பீட்டர் நின்றபடியே படித்தார்.

'ஓசூர் தாலுகா, அக்கசந்திரம் ஏரியின் நீர் கெட்டு மக்கள் நோய்வாய்ப்படுவதை மாண்புமிகு சுகாதார அமைச்சர் அறிவாரா? அறிவார் எனில் எடுத்த நடவடிக்கை என்ன? அறியார் எனில் ஏன்?'

கேட்டிருந்தவர் கரியப்பன் எம்.எல்.ஏ. போன வருஷம், அறுபத்தேழில், புதிதாக ஜெயித்தவர். சட்டசபையில் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி இது.

சென்னையில் இருக்கிற மந்திரிக்கு அக்கசந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? அவர் செயலாளரைக் கேட்டார். செயலாளர் தர்மபுரியைக் கேட்டார். தர்மபுரி, பி.டி.ஓ.வின் யூனியன் ஆபீசைக் கேட்டது. ஆபீஸ் ஜான்பீட்டரைக் கேட்டது. ஜான்பீட்டருக்குக் கீழே இருந்தவன் பியூன் சென்னப்பன் ஒருவன்தான். அவனிடம் எதைக் கேட்டாலும் பதில் வராது, இன்னொரு கேள்விதான் வரும்.

"ஏனுங்க சார் இப்படி வேர்த்து ஊத்துது? நீங்க வாராவாரம் போற ஏரிதானுங்களே?" என்றான் சென்னப்பன்.

சங்கடமே அதுதான். ஜான்பீட்டரின் டூர் டைரியில் மூன்று வருஷமாக எல்லாச் சனிக்கிழமைக்கும் ஒரே வாசகம்: 'அக்கசந்திரம் முகாம். ஏரி பார்வையிடப்பட்டது. பிளீச்சிங் பவுடர் இடப்பட்டது.' நிஜத்தில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார். அங்கே அவர் மனைவி ஜெபசீலி ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். அக்கசந்திரத்துக்குப் பஸ் கிடையாது, எந்த மேலதிகாரியும் அவ்வளவு தூரம் நடந்து போய்ப் பார்க்க மாட்டார் என்றுதான் அந்த ஊரைப் பொறுக்கி எடுத்திருந்தார்.

தப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுகிற அப்பனைப் பார்த்து, நாலு வயது மகள் "டாட்டா மாமா!" என்று கையசைத்தால் ஒரு மனுஷன் என்னதான் செய்வான்? அன்று ராயக்கோட்டை வரைக்கும் ஜான்பீட்டர் அழுதுகொண்டே வந்தார். மறுநாளே கிருஷ்ணகிரிக்கு மாறுதல் கேட்டு மனுப் போட்டார். அந்த மனு போகாத மேஜைக்கெல்லாம் போய், கடைசிக் கையெழுத்துக்காக இப்போது ஜில்லா ஹெல்த் ஆபீசரிடம் இருந்தது. இந்தச் சமயத்தில் மாட்டிக்கொண்டால் கிருஷ்ணகிரி கிடைக்காது, ராமநாதபுரம்தான் கிடைக்கும்.

மூணு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதில் எழுதிக்கொண்டு போனார்: 'அப்படிக் கேடு எதுவும் இல்லை. ஆகவே மற்ற கேள்விகள் எழவில்லை.'

பி.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றினார். "கேடே இல்லாத ஏரிக்கு மூணு வருஷமா எதுக்குய்யா மருந்து போட்டீங்க? உங்க டைரியும் இதோட சேர்ந்துதான் போவுது. நாலு பேரு நாக்கப் புடுங்கற மாதிரி கேப்பாங்க."

ஜான்பீட்டர் திரும்ப உட்கார்ந்து திருத்தினார். 'கேடு இருந்தது. சுகாதார ஆய்வாளரின் இடைவிடாத முயற்சியால் அது அடியோடு நீங்கியது. ஏரி நீர் தற்போது கண்ணாடி போல் உள்ளது.'

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அழகுக்காகச் சேர்த்தார். அதுதான் வினையாயிற்று.

வியாழக்கிழமை பேப்பரில் வந்துவிட்டது. மந்திரி ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார். உறுப்பினர்கள் மேஜையைத் தட்டியிருக்கிறார்கள். 'அந்த ஊழியரின் பெயர் என்ன?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மந்திரி பெயரைச் சொல்லியிருக்கிறார். 'அவரை எங்கள் ஊர் வாய்க்காலுக்கும் அனுப்பிவைப்பாரா?' என்று இன்னொருவர் துணைக்கேள்வி போட, 'ஜில்லா ஹெல்த் ஆபீசர் நேரில் சென்று அந்த முறையை ஆராய்ந்து அறிக்கை தருவார். கேள்வி கேட்ட உறுப்பினரும் உடன் செல்லலாம்' என்று மந்திரி வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை என்று தேதியும் குறித்தாயிற்று.

டீக்கடையில் கைகொடுத்தார்கள். பி.டி.ஓ. முதல் தடவையாக நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஜெபசீலியிடமிருந்து கடிதம் வந்தது. 'பேப்பரில் உங்கள் பெயரைப் பார்த்து ஸ்கூலில் எல்லாருக்கும் சந்தோஷம். காலை ஜெபத்தில் உங்களுக்காக ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சனிக்கிழமை மத்தியானம் நம் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே அங்கே எப்படி மருந்து போட்டீர்கள்?'

இதற்குமேல் தாங்காது என்று ஜான்பீட்டர் சென்னப்பனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பாகலூர் வரைக்கும் பஸ், அப்புறம் அஞ்சு மைல் நடை. அக்கசந்திரத்தில் முதலில் எதிர்ப்பட்டவர் ராகிக் கட்டு சுமந்து வந்த மாதப்பன் என்ற விவசாயி.

"பெரியவரே, ஏரி எந்தப் பக்கம்?"

"எந்த ஏரிங்க?"

"உங்க ஊரு ஏரிதான்."

"எங்க ஊர்ல ஏரி கெடையாதுங்களே!" என்றார் மாதப்பன். "நாலு கெணறு இருக்குது, அவ்வளவுதான். ஏரி வேணும்னு எங்கப்பன் காலத்துல மனுக் குடுத்தாங்க. ஏனுங்க, அதுக்குத்தான் வந்திருக்கீங்களா?"

ஜான்பீட்டர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர் என்று இருந்தால் ஏரி என்று ஒன்று இருக்கும் என்ற தைரியத்தில் எழுதியது! மந்திரி சட்டசபையில் நின்று கண்ணாடி என்று சொன்னது இல்லாத ஏரியை!

"இல்லாத ஏரிய எப்படிங்க சார் சுத்தம் பண்ணீங்க?" என்றான் சென்னப்பன்.

"வாயை மூடுய்யா. எம்.எல்.ஏ. சும்மாவா கேட்டிருப்பாரு? பக்கத்துல ஏதோ ஒரு ஏரி நாறிக்கிட்டிருக்கணும். மனுஷன் ஊர்ப் பேரை மாத்திச் சொல்லியிருப்பாரு. வா, தேடுவோம்."

அரை மைலில் ஏரி கிடைத்தது. அல்லிப்பூவும் கொக்குமாக, நிஜமாகவே கண்ணாடி மாதிரி இருந்தது. ஜான்பீட்டர் கர்த்தருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் சென்னப்பன் கூப்பிட்டான். கரையில் இந்தப் பக்கம் ஒரு எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். ஏரியும் அந்தப் பக்கம்தான்.

துணி துவைத்துக்கொண்டிருந்த ரங்கம்மா என்ற பெண்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். ஜான்பீட்டர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். ஒரே ஒரு காலைப் பொழுதுக்கு அந்த ஏரியை இரவல் வேண்டும்.

"யாராச்சும் கேட்டா, இது அக்கசந்திரம் ஏரின்னு சொல்லணும்மா. தமிழ்ல சொல்லணும்."

"தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எதுல வேணாலும் சொல்லுவோம் சாமி. எங்க ஊருக்கு என்ன செய்வே?"

"என்ன செய்யணும்?"

"எங்களுக்கும் ஒரு இன்ஸ்பெட்ரு இருக்காரு. அவரும் காயிதத்துலதான் வந்துட்டுப் போறாரு. நீ வந்ததுதான் வந்தே, எல்லாக் கெணத்துக்கும் மருந்து போடு. புள்ளைங்களுக்கு அம்மை குத்து. சாக்கடையைச் சரி பண்ணு."

ஜான்பீட்டர் தலையாட்டினார். "ஆகலி" என்று கன்னடத்திலேயே ஒப்பந்தத்தை முடித்தாள் ரங்கம்மா.

ஒரு வாரம் முழுக்க ஜான்பீட்டர் மாடாய் உழைத்தார். மூன்று வருஷமாக அவர் அறையில் தேங்கிக் கிடந்த பவுடர் மூட்டைகள் மாட்டுவண்டியில் எல்லை தாண்டின. பதினோரு கிணற்றுக்கு மருந்து போட்டார். நாற்பது குழந்தைகளுக்கு அம்மை குத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கினார். சனிக்கிழமை கிருஷ்ணகிரிக்குக்கூடப் போகவில்லை. சென்னை ராஜ்யத்துச் சம்பளத்தில் மைசூர் ராஜ்யத்துக்கு இவ்வளவு உழைத்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். ஒன்று சொல்ல வேண்டும், அந்த வேலை அவருக்குப் பிடித்தும் இருந்தது. குழந்தைகள் அவர் பின்னாலேயே சுற்றினார்கள். தன் மகள் ஞாபகம் வந்து அடிக்கடி மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

குறித்த சனிக்கிழமை காலையில் அக்கசந்திரத்தில் ஜீப் வந்து நின்றது. ஜில்லா ஹெல்த் ஆபீசர் இறங்கினார். பின்னால் கரியப்பன் எம்.எல்.ஏ., மடிப்புக் கலையாத வேட்டி துண்டோடு இறங்கி, நாலு பக்கமும் மலங்க மலங்கப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போவணும்?" என்றார் ஹெல்த் ஆபீசர்.

"இன்ஸ்பெக்டர் முன்னால போகட்டும். அதுதான் முறை" என்றார் எம்.எல்.ஏ.

ஏரிக்கரையில் சென்னப்பன் எல்லைக்கல்லின்மேல் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அதிகாரியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஜான்பீட்டர், உங்க பியூனுக்கு மரியாதை தெரியாதா?"

"கால்ல அடி சார். எழுந்தா ஆபத்து" என்றார் ஜான்பீட்டர். அதில் பாதி உண்மைதான்.

ரங்கம்மா கூட்டத்தோடு வந்து கும்பிட்டாள். சொல்லிக் கொடுத்ததற்கு மேலேயே பேசினாள். "இது அக்கசந்திரமுங்க. நாங்க அக்கசந்திரத்து ஜனங்க. அக்கசந்திரத்துல நாங்க தமிழ்தானுங்க பேசுவோம். இந்தச் சாமி வராத வாரமே கெடையாதுங்க!"

ஹெல்த் ஆபீசர் குனிந்து தண்ணீரை அள்ளி முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தும் விட்டார். "மந்திரி சொன்னது சரிதான், கண்ணாடியேதான்! எம்.எல்.ஏ. சார், நீங்க கேள்வி கேட்டீங்களே, இப்ப திருப்திதானே?"

"ரொம்பத் திருப்தி. போலாமா?" என்றார் கரியப்பன்.

"ஜான்பீட்டர், உங்க மாறுதல் மனு என் மேஜைமேல இருக்கு" என்று ஹெல்த் ஆபீசர் அவர் தோளில் கை வைத்தார். "நேத்தே கையெழுத்துப் போட இருந்தேன். நல்லவேளை, போடலே. உங்கள மாதிரி ஆளைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பிட்டா இந்த ஜனங்க கதி என்ன ஆகும்? மனுவை ரத்து பண்ணிடறேன். இன்னும் ஒரு அஞ்சு வருஷம், இங்கயே இருங்க!"

ரங்கம்மாவின் கூட்டம் கைதட்டியது. கிணறுகளைக் காட்டுகிறேன் என்று அவள் ஹெல்த் ஆபீசரை அந்தப் பக்கம் அழைத்துப் போனாள்.

அஞ்சு வருஷம்! அதற்குள் மகள் 'சார்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். ஜான்பீட்டருக்கு வேலை, மானம், ராமநாதபுரம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. எம்.எல்.ஏ.யின் கையைப் பிடித்துப் புளியமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஐயா, நான் ஒரு பொய்யன். இந்த மூணு வருஷத்துல ஒரு சனிக்கிழமைகூட நான் இந்தப் பக்கம் வந்ததில்லே. பொண்டாட்டி புள்ளையப் பாக்கக் கிருஷ்ணகிரிக்குப் போயிட்டிருந்தேன். டைரி முழுக்கப் பொய். இது மைசூரு ஏரி. அக்கசந்திரத்துல ஏரியே கெடையாது! நீங்க நேராச் சட்டசபையில போய்ச் சொல்லுங்க. வேலை போனாலும் பரவாயில்லே, புள்ளை கூட இருந்தாப் போதும் எனக்கு!"

கரியப்பனின் தோளிலிருந்து துண்டு நழுவிக் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. ஹெல்த் ஆபீசர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று எட்டிப் பார்த்துவிட்டு, ஜான்பீட்டரின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார்.

"மெல்லப் பேசுங்க இன்ஸ்பெக்டர்! திங்கக்கெழமைக்குள்ள கிருஷ்ணகிரி ஆர்டர் வாங்கித் தர்றது என் பொறுப்பு. இந்த ஏரி விஷயம் மட்டும் நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

ஜான்பீட்டர் திகைத்துப்போய்க் கையை விலக்கினார். "பொய் சொன்னவன் நானுங்க. நீங்க ஏனுங்க பயப்படறீங்க?"

"மொதல் கேள்வி எதைக் கேக்கறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்யா! யூனியன் மீட்டிங்குக்கு வந்தப்ப மேஜைமேல உங்க டைரி கெடந்துச்சு. ஒரு இன்ஸ்பெக்டர் வாரம் தவறாம மருந்து போடறாருன்னா அந்த ஏரி என்ன நாத்தம் நாறும்னு நெனச்சுத்தான் நான் அந்தக் கேள்வியே கேட்டேன்!"