சவுக்காரம் போட்டுத் தேய்த்த அம்மை

அம்மை கண்ட ஒரு குழந்தையின் முகத்தைச் சவுக்காரமும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவியவள் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, தாயில்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. அந்த வட்டாரத்துச் சுகாதாரம் மொத்தமும் என் தோளில்தான் நிற்கிறது என்று எனக்கு நினைப்பு. (தோள் இருந்த லட்சணத்துக்கு ஒரு தண்ணீர்க்குடம் நிற்காது.)

அங்கே வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவார்கள். பிள்ளைகள் கையில் பசையும் கன்னத்தில் லேபிள் சாயமுமாகத்தான் பள்ளிக்கு வரும். பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிற அன்று ஒரு முகத்திலும் சாயம் இருக்கக் கூடாது என்று காலையிலேயே தண்ணீர்த் தொட்டியடியில் நின்றுகொண்டேன்.

இரண்டாம் வகுப்பு மாரீஸ்வரி முகமெல்லாம் சிவப்பாக வந்தாள்.

"ஏ பிள்ள, சாயத்தோடவா வருவ? ஒங்கம்மாவுக்குக் குளிப்பாட்டி அனுப்பத் தெரியாதா?"

"சாயமில்ல டீச்சர்."

நான் கேட்பேனா? தேய்த்தேன். சிவப்பு போகவில்லை, அழுத்தித் தேய்த்தால் கூடியது. கண் சிவந்து நீர் வடிந்தது. சவுக்காரம் பட்டிருக்கும் என்று நினைத்தேன். உடம்பு கொதித்தது. வெயில் என்று நினைத்தேன். (மணி காலை எட்டு!) அந்தப் பிள்ளை அழவே இல்லை. "எரியுது டீச்சர்" என்று ஒரே ஒரு தடவை மட்டும் சொன்னாள்.

வரவேற்புப் பாட்டுக்கு அவளைத்தான் முன்னால் நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் மாலைக்குக் குனிந்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மூன்றடி பின்னால் போய் நின்றார்.

"ஏம்மா, பிள்ளைக்கு மணல்வாரி போட்டிருக்கு. உனக்குத் தெரியலையா?"

மணல்வாரி என்பது தட்டம்மை. புத்தகத்தில் படித்து எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். கண்ணால் பார்த்ததுதான் இல்லை. பார்வைக் குறிப்பேட்டில் அவர் எழுதினார்: "ஆசிரியை சுகாதாரப் பாடம் நன்றாக நடத்துகிறார். தாமும் ஒருமுறை படிப்பது நல்லது."

பத்துப் பன்னிரண்டு நாளில் வகுப்பு பாதியாகக் காலியானது. அடுத்து நான் விழுந்தேன். விருதுநகரில் தாயில்லாத ஒற்றைப் பிள்ளையாக, பொத்திப் பொத்தி வளர்ந்தவள். சிறுவயதில் வர வேண்டியது அந்த வயதில் வந்து சேர்ந்தது. பள்ளிக்குப் பின்னாலிருந்த அறையில் விளக்கைப் பார்க்கவும் முடியாமல் கண்ணை மூடிக் கிடந்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். மாரீஸ்வரியின் அம்மா சுப்புத்தாய்.

"இங்கன ஒத்தையிலயா கெடப்பீக? எந்திரிங்க டீச்சர், நம்ம வீட்டுக்குப் போவம்."

மாரீஸ்வரிக்குத் தேறியிருந்தது. அவளுடைய தம்பி, தங்கை, கைக்குழந்தை மூன்றுக்கும் அப்போது அம்மை போட்டிருந்தது. அந்த வரிசையில் நாலாவதாக எனக்கு ஒரு பாய். சுப்புத்தாய் ஒவ்வொருத்தர் தலைமாட்டிலும் வேப்பிலை வைத்தாள், இளநீர் புகட்டினாள், அதற்கு நடுவே தீப்பெட்டியும் ஒட்டினாள். ஈரத்துணியால் என் முகத்தை ஒற்றியபோது வெகு சாதாரணமாகச் சொன்னாள்:

"தேய்க்கக் கூடாது டீச்சர். ஒத்தித்தான் எடுக்கணும்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

அந்த ஊர் வழக்கப்படி அம்மை என்றால் ஆத்தா வந்து உடம்பில் இறங்கியிருக்கிறாள். ஆறு மாதமாக என்னைக் கண்டால் விலகிப்போன பெண்கள் வாசலில் நின்று என்னைக் கும்பிட்டுப் போனார்கள். பாட்டு வாத்தியாரின் மகளாகப் பிறந்து, ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போய் வளர்ந்த நான், வேப்பிலைக்கு நடுவே மாரியம்மனாகப் படுத்திருந்தேன்.

நாலாம் நாள் முற்பகல் கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. சுப்புத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்ற பெண்கள் மறித்தார்கள்.

"ஆத்தா இருக்கிற ஒடம்புல ஊசி போடுவாக. அவ சும்மா விடுவாளா?"

சுப்புத்தாய் திரும்பி வந்து என் பாயருகே மண்டியிட்டாள்.

"ஆத்தா, பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவா? நீயே சொல்லு."

எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. "போ. சீக்கிரம் போ" என்றேன். அந்தக் கரகரத்த குரல் எனக்கே என்னுடையதாகத் தெரியவில்லை. பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தீப்பெட்டி லோடு ஏற்றிக் கிளம்பிய லாரியை மறித்து ஏறி, அவள் சிவகாசிக்குப் போய்விட்டாள். அவள் கேட்டது ஆத்தாவையா, டீச்சரையா? எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி அந்த நொடியில் என்ன கணக்குப் போட்டாள்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மூன்று நாள் நாங்கள் மூன்று பேரும் மாரீஸ்வரி வைத்த கஞ்சியில் பிழைத்தோம். (சுவையைப் பற்றிக் கேட்காதீர்கள். பிழைத்தோம்.)

மூன்றாம் நாள், தலைமையாசிரியர் போட்ட கார்டு கிடைத்து அப்பா வந்து சேர்ந்தார். அப்பா பாட்டு வாத்தியார் மட்டுமல்ல, சபையில் உபதேசியாரும்கூட. ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிறவர்.

"ஐயா, செருப்ப வெளிய விட்டுட்டு, காலக் கழுவிட்டு வாங்க. உள்ள ஆத்தா இருக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. மறுபேச்சில்லாமல் அப்படியே செய்துவிட்டு வந்து, என்னைப் பார்த்துக் கண் கலங்கினார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியடியில் நான் செய்ததையும் சேர்த்துத்தான்.

சொல்லி முடிக்கவில்லை, சுப்புத்தாய் வந்துவிட்டாள். மூன்று நாள் தூங்காத முகம். தோளில் குழந்தை மெலிந்து துவண்டிருந்தாலும் கண் விழித்து எல்லாரையும் பார்த்தது. அதை என் பக்கத்தில் கிடத்தக் குனிந்தவள் கேட்டாள்:

"கஞ்சி குடிச்சீகளா டீச்சர்?"

அப்பா சட்டென்று எழுந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பி, தலை தாழ்த்திக் கும்பிட்டார்.

வாசலில் நின்றவர்களுக்குத் தெரிந்தது வேப்பிலை, பாய், நான், அப்பாவின் கூப்பிய கை. "உபதேசியாரு நம்ம ஆத்தாவக் கும்பிட்டுட்டாரு!" என்று ஊரே பேசியது. நாங்கள் விருதுநகர் போய் இறங்குமுன் செய்தி சபைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குருவானவர் கூப்பிட்டு விசாரித்தார். சித்தப்பா பிள்ளைகள் எனக்கு 'அப்பா கும்பிட்ட அம்மன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்; இப்போது பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகின்றன.

அப்பா கடைசிவரை அதை மறுத்ததில்லை. சாப்பாட்டுப் பந்தியில் யாராவது சீண்டினால் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்.

"ஆமா, கும்பிட்டேன்" என்பார். "நீங்க அங்க இருந்திருந்தா நீங்களும் கும்பிட்டிருப்பீக."