வழக்குக்காக ஒழுகிய வீடு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கே என் மானத்தைத் தவிர எல்லோரும் நலம். அங்கே என் மகளும் உங்கள் முழங்காலும் நலமென நம்புகிறேன்.

பெண் பார்க்க வந்தபோது அரண்மனை என்று நான் அளந்த வீட்டை, கோர்ட்டில் குட்டிச்சுவர் என்று எழுதிக் கொடுத்தேனாமே எனக் கேட்டுச் சிரித்தீர்களாம். மகள் சொன்னாள். விளக்கம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

எங்கள் இருவருக்கும் பொதுவான, நான் குடியிருக்கும் வீட்டை என் தம்பி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்து மரக்கடைக்காரருக்குக் கிரயம் செய்துவிட்டான். வக்கீலிடம் ஓடினேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டார். கூடப்பிறந்தவன் என்னை மதிக்கவில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போட்டவர் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கணும், முழு மதிப்புக்கும் கோர்ட் கட்டணம் கட்டணும், போடாதவர் இது என் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று கேட்டால் போதும், கட்டணம் குறைவு என்றார். போட்ட கையெழுத்தையெல்லாம் அந்த நிமிஷமே திரும்ப வாங்கிக்கொண்டேன். குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மதிப்பு குறைந்தால் கட்டணமும் குறையும் என்று தெரிந்ததும் என் வாய் நிற்கவில்லை. கூரை ஒழுகுது, சுவர் சாயுது, கிணறு வத்திப்போச்சு, கதவைத் திறந்தா கையோட வருது என்று நான் சொல்லச் சொல்ல வக்கீல் எழுதினார். தம்பி விடுவானா? அண்ணன் மதிப்பைக் குறைத்துக் காட்டுகிறார், கூடுதல் கட்டணம் கட்டச் சொல்லுங்கள் என்று ஆட்சேபம் போட்டான். நீதிபதி கேட்டதும் எழுந்து, எங்கள் வீட்டு உத்தரம் இரும்பு, கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு, உச்சி வெயிலிலும் கூடத்தில் விசிறி வேண்டாம் என்று பேசினான் பாருங்கள், விற்றவன் அவன், காப்பாற்ற வந்தவன் நான் என்பதே எனக்கு மறந்துபோனது. தலையாட்டிக்கொண்டிருந்த என்னை வக்கீல் முழங்கையால் இடித்தார்.

வீட்டைப் பார்த்து மதிப்புச் சொல்ல கோர்ட்டிலிருந்து ஒரு கமிஷனரை அனுப்பினார்கள். நான் விரிசல் விரிசலாகக் காட்ட, தம்பி ஒவ்வொன்றின் மேலும் முதுகைச் சாய்த்து மறைத்தான். மரக்கடைக்காரர் என் மனுவின் நகலைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகச் சுவரோடு ஒத்துப் பார்த்தார். கூடத்துக் காரை ஒரு துண்டு பெயர்ந்து அவர் வழுக்கையில் விழுந்தது. கிரயமும் வேண்டாம், வீடும் வேண்டாம், என் பணத்தைக் கொடு என்று கிளம்பிவிட்டார்.

ஏன்டா வித்தே என்று தம்பியைக் கேட்டேன்.

"அந்த வீட்ல எனக்குன்னு என்னண்ணா இருக்கு? என் ரூம்ல பழைய சாமானைத்தானே போட்டு வச்சிருப்பே" என்றான்.

அந்த அறைப் பக்கம் அவன் எட்டியே பார்க்கவில்லை. வாங்கிய பணத்தைத் தொடவும் இல்லையாம், திருப்பிக் கொடுத்துவிட்டான். சமாதானமானதால் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பும் என்கிறார் வக்கீல். வீடு எங்களுக்கே. மனசு நிறைந்திருக்கிறது.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நோய்நொடியின்றி நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
குட்டிச்சுவரின் பாதி உரிமையாளன்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் நம்பி வராமல் இருந்துவிடாதீர்கள். வீடு ஒழுகாது, கிணறு வற்றவில்லை, விழுந்தது அந்த ஒரே துண்டுதான். கமிஷனர் வந்த அன்று கிளம்பும்போது தம்பி வாசலில் நின்று, "நிஜமாவே ஒழுகுதாண்ணா?" என்று கேட்டான். கமிஷனர் காதில் விழும் தூரத்தில் இருந்தார். ஆமாடா என்றேன். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நான் முதலில் பூசுவது அவன் அறைக் கூரையைத்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.