சுண்டல் போன தூரம்

மாத்திரைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை.

"இது யாருக்கு?" என்றார் செல்வராஜ்.

"உங்க மூளைக்கு," என்றாள் அவர் மனைவி பஞ்சவர்ணம்.

முந்தின நாள் சிராங்கூன் சாலையில், பார்க்கின்சன் நோயைப் பற்றி ஒரு மருத்துவர் தமிழில் பேசினார். அவள் மட்டும் போய்வந்தாள். மூளைச் செல்களைச் சாகவிடாமல் காக்கும் புரதம் ஒன்று இருக்கிறதாம். இந்த நோய் வந்தவர்களுக்கு அது குறைந்திருக்கலாமாம்.

செல்வராஜ் எங்கும் போவதில்லை. துறைமுகத்தில் காலமெல்லாம் பாரந்தூக்கி ஓட்டியவர். இப்போது ரயில் கதவு திறந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். கதவு மூடிவிடும். அப்படி ஆனபிறகு அவர் வீடு இருக்கும் புக்கிட் பாத்தோக்கைத் தாண்டவில்லை. தேக்காவில் கைக்கடிகாரக் கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப்போடு ஞாயிறுதோறும் குடித்த டீயும் நின்றுபோனது. டாக்டர் நடக்கச் சொன்னார். நாளைக்கு என்பதே செல்வராஜின் பதில்.

சுண்டலைத் தின்றார். கை கூடுதலாக நடுங்கியது. அவள் இன்னொரு முட்டை வைத்தாள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பருப்பு வடையும் சேர்ந்தது. டீக் கோப்பை தட்டில் மேளம் வாசித்தது.

கிளினிக் தாதி கவிப்ரியா தொலைபேசியில் பஞ்சவர்ணத்தை வெகுநேரம் கண்டித்தாள். கேட்டதில் பாதியை அவள் கணவரிடம் சொன்னாள். புரதமும் மாத்திரையும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளுமாம். மாத்திரை உள்ளே ஏற முடியாமல் நின்றுவிடுமாம்.

"என்னை மாதிரியே," என்றார் செல்வராஜ்.

அன்றிலிருந்து மாத்திரை தனி. வெகுநேரம் கழித்துச் சுண்டல், டப்பாவில். நடுக்கம் பழைய அளவுக்கு இறங்கியது. அவருக்குச் சுண்டல் மேலிருந்த நம்பிக்கை மட்டும் திரும்பவில்லை.

"கீழ காத்தாட உக்காந்து சாப்பிடறேன்," என்று டப்பாவோடு இறங்கினார். எதிர் கொண்டோ அடுக்குமாடியின் காவலாளி பிரபாகரிடம் கொடுத்தார். காலி டப்பா வீடு திரும்பியது.

"பத்தல போல," என்றாள் பஞ்சவர்ணம். மறுநாள் பெரிய டப்பா.

சில நாளில் பிரபாகர் போதும் என்று கும்பிட்டான். வயிறு ஒத்துக்கொள்ளவில்லையாம். செல்வராஜ் மீனும் காய்கறியும் விற்கும் ஈரச்சந்தை வரை நடந்து பூக்கடை உமாமகேஸ்வரியிடம் கொடுத்தார். அவளும் ஆசையாக வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு ஒருநாள், "எனக்கு யூரிக் ஆசிட் லா, அங்கிள்," என்றாள். செல்வராஜ் அதையும் தாண்டிப் பேருந்து நிலையம் போனார். பேருந்து ஓட்டுநர் அப்துல் அஜீஸ் ஒரு வாரம் தாங்கினார். பிறகு டயட் என்றார். அப்போது அவர் கையில் எண்ணெயில் பொரித்த கறிபாப் பாதி கடித்தபடி இருந்தது.

கொட்டிவிடலாம். ஆனால் பஞ்சவர்ணத்தின் சமையலைக் குப்பையில் போடும் துணிச்சல் அவருக்கு இளமையிலேயே கிடையாது. திருப்பிக் கொண்டுபோனால் அவளுக்குத் தெரிந்துவிடும். பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆள்.

ரயில் வந்தது. டப்பா இரண்டு கையையும் சுட்டது. தேங்காய் போட்ட சுண்டல், மதியம் தாண்டினால் கெட்டுவிடும். நடைமேடை விளிம்பின் மஞ்சள் கோட்டைப் பார்த்தார். தாண்டினார். கதவு முதுகுக்குப் பின்னால் மூடிய பிறகுதான், தான் உள்ளே நிற்பது அவருக்கு உறைத்தது.

தேக்காவில் கடை வாசலில் இரண்டு முக்காலி போட்டிருந்தது. முத்தலிப் எழுந்து நின்றார்.

"பாய், இத நீ சாப்பிட்டே ஆகணும்," என்றார் செல்வராஜ், மூச்சு வாங்க. "வீட்டுல அவளுக்குத் தெரியக்கூடாது."

முத்தலிப் டப்பாவை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் நண்பரின் காலையே பார்த்தார். பிறகு தாதி சொன்னதில் மீதிப் பாதியை நிதானமாகச் சொன்னார். மூளையைக் காக்கும் அந்தப் புரதத்தைத் தின்று வரவழைக்க முடியாதாம். நடந்தால் மூளையே அதைக் கூடுதலாகச் சுரக்கலாம் என்று மருத்துவர்கள் நம்புகிறார்களாம்.

"உனக்கு யாரு சொன்னா?"

"பிரபாகருக்கு வயிறு, பூக்காரிக்கு யூரிக் ஆசிட், அஜீசுக்கு டயட். எல்லாம் தங்கச்சி பஞ்சவர்ணம் சொல்லிக்கொடுத்ததுதான், செல்வா. என்னை மட்டும் டீ போட்டு வைக்கச் சொன்னாங்க."