முதுகு காட்டிய ஏழு

போனுக்குள் ஏழு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

கணக்கு டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஏழு திரும்புகிற வழியாக இல்லை. ஏழு மட்டுமா? பக்கத்தில் மூன்று, அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி, எல்லாமே கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. கரும்பலகையில் நேராகத்தான் எழுதியிருந்தார். எழுதி முடித்து எப்படித் தெரிகிறது என்று போன் அருகே வந்து பார்த்தால், இந்தக் கோலம்.

"ஐயையோ! இவ்வளவு நேரம் இப்படியா தெரிஞ்சுது உங்களுக்கு?"

போனுக்குள் சின்னச் சின்னக் கட்டங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். எல்லார் வாயும் அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. இந்த இன்டர்நெட் வகுப்பில் டீச்சர் முதன்முதலில் கற்றுக்கொண்ட பொத்தான் பிள்ளைகள் வாயை மூடுகிற பொத்தான். மற்றதெல்லாம் மெதுவாகப் படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இரண்டு மூன்று பேர் பலமாகக் கையை வேறு ஆட்டினார்கள்.

"போதும் போதும், கலாட்டா வேண்டாம். நாளைக்குச் சரிபண்ணிட்டு வர்றேன்" என்று சொல்லிப் போனைத் தையல் மெஷின் மேல் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்தால் வகுப்பு முடிந்தது என்பது டீச்சர் கணக்கு.

பள்ளிக்கூடத்துக் கூரை பெயர்ந்து விழ ஆரம்பித்ததால் வந்த வினை இது. ரிப்பேர் முடிகிற வரைக்கும் அவரவர் வீட்டிலிருந்து போன் வழியாகப் பாடம். டீச்சர் வீட்டில் முன்னறைதான் கொஞ்சம் பெரியது. ஆனால் அது அவர் வீட்டுக்காரருடைய தையல் கடை. மெஷின், துணி மூட்டை, ஆளுயர நிலைக்கண்ணாடி, இத்தனைக்கும் நடுவில் ஒரு கரும்பலகையும் வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர். ஒரே ஒரு பழக்கம்தான். எங்கே நூல் தொங்கினாலும் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். தெருவில் யாரிடமாவது நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப் பிசிறை 'கிரிச்' என்று நறுக்கிவிட்டுப் பேச்சைத் தொடருவார். எதிராளி பதறிப்போய் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதுண்டு.

"என்னங்க, என் எழுத்தெல்லாம் இடம் வலமாத் தெரியுது!"

"போனைத் திருப்பிப் பார்த்தீங்களா டீச்சர்?" தெரு முழுக்க அவரை டீச்சர் என்று கூப்பிடுவதால் வீட்டுக்காரரும் அப்படியே பழகிவிட்டார்.

"திருப்பினா நானும் சேர்ந்து படுத்துக்கறேன்!"

"படுத்துக்கிட்டே நடத்துங்களேன்."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. வெள்ளிக்கிழமை ஆபீசர் என் வகுப்பைப் பார்க்கப் போறார். இந்த லட்சணத்தைப் பார்த்தார்னா, பத்தாம் வகுப்பைப் புது சார்கிட்ட தூக்கிக் குடுத்துட்டு என்னை லைப்ரரியில உட்கார வச்சிடுவாங்க. தலைமையாசிரியை வாயைத் திறந்தே சொல்லிட்டாங்க."

புது சார் என்பவர் எண்களுக்குக் கலர் அடித்து, மியூசிக் போட்டு, ஓடவிட்டுப் பாடம் நடத்துகிறவர். அவர் போனில் எந்த ஏழும் முறைத்துக்கொண்டதில்லை.

"லைப்ரரின்னா ஃபேனுக்குக் கீழே உட்காரலாமே."

"உட்கார்ந்து? கணக்குன்னாலே காய்ச்சல் வந்த பிள்ளைங்க. ஆறாம் வகுப்புலேருந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்திருக்கேன். அந்தக் கொட்டாவி இருக்கே, கடைசி பெஞ்சு, இப்பத்தான் வாயை மூடிக்கிட்டு ஒரு கணக்கை முழுசாப் போடுது. பரீட்சை வர்ற நேரத்துல நடுவழியில விட்டுட்டுப் போனா அதுங்க..." டீச்சர் கிடைத்த துணியில் கண்ணைத் துடைத்தார். அது யாரோ தைக்கக் கொடுத்திருந்த சட்டைக் கை.

மெஷின் மேல் போன் கவிழ்ந்தே கிடந்தது. வகுப்பு இன்னும் ஓடுகிறது என்கிற பச்சை வெளிச்சம் அதன் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

வீட்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "டீச்சர், நாங்க துணியை எப்படித் தைக்கிறோம்? உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டுத்தானே? தைச்சு முடிச்சுப் புரட்டினா நேரா வருதா இல்லையா? போன் திருப்பிக் காட்டுதுன்னா, நீங்க திருப்பி எழுதிடுங்க."

அட, என்ன மூளை! டீச்சர் அன்றைக்கே சாக்குக்கட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது ஓரத்தில் முடிக்க வேண்டும். எட்டும் பூஜ்யமும் ஒன்றும் சமர்த்துப் பிள்ளைகள், எப்படி எழுதினாலும் ஒரே முகம். மூன்றும் ஐந்தும் படுத்திய பாடு சொல்லி மாளாது. இருபத்தைந்து வருஷம் வளைந்த பக்கம் வளைய மாட்டேன் என்று கை சண்டித்தனம் பண்ணியது. பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி தீர்ந்துபோய், வீட்டுக்காரர் துணியில் அளவு குறிக்கிற கட்டியையும் வாங்கித் தேய்த்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடி எழுதினார்.

மறுநாள் வகுப்பில் முதல் வரியைப் பின்னாலிருந்து எழுதினார். போனை எட்டிப் பார்த்தார். ஏழு ஜம்மென்று நேராக நின்றது! முதல் தடவை சைக்கிள் ஓட்டின குழந்தை மாதிரி டீச்சர் முகம் விரிந்தது.

"இப்ப நேராத் தெரியுதா பிள்ளைங்களா?"

கட்டங்களுக்குள் ஒருவரும் அசையவில்லை. அப்புறம் வகுப்பு லீடர் பெண் தலையை ஆட்டினாள். அவளைப் பார்த்துக் கொட்டாவி ஆட்டினாள். பிறகு எல்லாத் தலைகளும் ஆடின.

"நெட்டு மெதுவா வருது போல. தலைங்க லேட்டா ஆடுது" என்றார் டீச்சர், வீட்டுக்காரரிடம். இன்டர்நெட் விஷயம் தனக்குப் பிடிபட ஆரம்பித்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

அன்றைக்கு இன்னொரு புதுப் பழக்கமும் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து போய்த் திரும்பி வந்தார்கள். வந்தபோது கையில் ஆளுக்கொரு கண்ணாடி. பவுடர் டப்பாக் கண்ணாடி, சவரக் கண்ணாடி, ஒருத்தி பீரோக் கதவையே திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னது இது, பாடம் நடக்கறப்போ அலங்காரம்? ஏ கொட்டாவி! கொட்டாவியை விட்டுட்டு இப்போ தலை சீவ ஆரம்பிச்சிட்டியா? வகுப்புக்கு நேர்ல வா, உனக்கு இருக்கு!"

கொட்டாவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் பேசாமல் சீப்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினாள். திமிரைப் பாருங்கள் என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுத்து நேரானாலும் வேகம் வரவில்லை. ஒரு கணக்கு முடிவதற்குள் வகுப்பே முடிந்தது. சுலபமாக இருக்கட்டும் என்று அவர் கொடுத்த கணக்கிலெல்லாம் எண்பத்தெட்டும் எண்ணூற்றெட்டுமாகவே வந்தன. ஆபீசர் பார்த்தால் இந்த டீச்சருக்கு வேறு எண்ணே தெரியாது என்றல்லவா எழுதுவார்?

வீட்டுக்காரர் அடுத்த யோசனையோடு வந்தார். "நீங்க பாட்டுக்கு நேரா எழுதுங்க டீச்சர். போன் உங்களைப் பார்க்க வேண்டாம், என் நிலைக்கண்ணாடியைப் பார்க்கட்டும். கண்ணாடி ஒரு தடவை திருப்பும், போன் ஒரு தடவை திருப்பும். கடைசியில நேரா வந்துடும்."

வந்தது! டீச்சருக்கு அவரை அப்படியே மாலை போட்டு உட்கார வைக்கலாம் போலிருந்தது. ஆனால் போன் தூரமாகப் போனதால் டீச்சர் பேச்சு அதற்கு எட்டவில்லை. அதற்கும் வீட்டுக்காரரே கடைக்குப் போய், மைக்கோடு நீளமாக வயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கி வந்தார். வெள்ளை வயர். போனிலிருந்து கிளம்பித் துணிமூட்டையைத் தாண்டி டீச்சர் தோள் வழியாகக் காதுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. கட்டங்களில் புதிதாக இரண்டு முகங்கள். ஒன்று தலைமையாசிரியை. இன்னொன்று ஆபீசர். வழுக்கையும் மீசையுமாக, சிரித்தே பழக்கமில்லாத முகம்.

டீச்சர் பிரமாதமாக ஆரம்பித்தார். கை சரளமாக ஓடியது. மூன்று வளைய வேண்டிய பக்கம் வளைந்தது. பாதிக் கணக்கில் வாசல் கதவு திறந்தது.

"பேண்ட் ரெடியா?" தபால்காரர். பதிலுக்குக் காத்திராமல் திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்து, வழக்கப்படி நிலைக்கண்ணாடி முன்னால் நின்றார். வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றினார். இத்தனையும் ஆபீசர் கட்டம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

"பின்னாடி கொஞ்சம் தொளதொளன்னு இருக்கே. நீங்களே பாருங்க!"

"மெதுவா, மெதுவா! நகருங்கண்ணே, அங்கே ஆபீசர் இருக்கார்!" என்று வாயில் குண்டூசியும் கையில் கத்தரிக்கோலுமாக ஓடிவந்தார் வீட்டுக்காரர்.

"எங்கே?" என்று தபால்காரர் கண்ணாடிக்குள் குனிந்து தேடினார்.

அவரைத் தோளைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் திரும்பிய வீட்டுக்காரர் கண்ணில், டீச்சர் தோளிலிருந்து ஒரு வெள்ளை நூல் தொங்குவது பட்டது.

கிரிச்.

டீச்சர் காதில் உலகமே நின்றுபோனது.

"ஹலோ? ஹலோ! கேட்குதா?" அவர் போனருகே ஓடினார். அங்கே எல்லாரும் வாயசைத்தார்கள். ஆபீசர் புருவத்தை நெரித்துக்கொண்டு, விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றிக் காட்டி என்னமோ கேட்டார். மூட்டையைக் கட்டு என்கிறாரா? தலைமையாசிரியை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் வாயைத் திறக்கிற பொத்தான் அவரிடமும் ஒன்று இருந்தது போலிருக்கிறது. லீடர் பெண் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு மளமளவென்று பேசினாள். பேசி முடித்ததும் ஒரு கையசைப்பு. உடனே வகுப்பு முழுக்கக் கண்ணாடியைத் தூக்கியது!

"அடிப்பாவிகளா! ஆபீசர் எதிர்லயேவா? கீழே வைங்கடி! டேய், உன்னையும்தாண்டா!" டீச்சர் கத்தியது துணிமூட்டைக்கு மட்டும் கேட்டது.

ஆபீசர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது அவர் கையிலும் ஒரு கண்ணாடி. அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க மீசை விரிந்தது. வழுக்கைத் தலையில் சீவுவதற்கு என்ன இருக்கிறது என்று டீச்சர் யோசிப்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் வெட்டுப்பட்ட வயரின் இரண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றார்.

"வேணும்னு பண்ணல டீச்சர். கை தானாப் போயிடுச்சு."

"தெரியும்."

"தைச்சு ஒட்டவச்சுத் தரட்டுமா?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. தபால்காரர் திரைக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டி, "நான் அப்புறமா வரட்டுமா?" என்றார்.

"பேண்ட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணே. உள்ளே பிடிச்சுத் தரேன்" என்றார் வீட்டுக்காரர், மனைவி முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "லைப்ரரிக்கு நான் மத்தியானம் மத்தியானம் வருவேன் டீச்சர். அங்கே பேசக் கூடாதாமே. நமக்கு அது புதுசா இருக்கும்."

போன் அடித்தது. தலைமையாசிரியை. வீட்டுக்காரரே எடுத்து, வயர் மிச்சத்தைப் பிடுங்கிவிட்டு, டீச்சர் காதில் வைத்தார்.

"டீச்சர்! என்ன மந்திரம் போட்டீங்க? இப்படி ஒரு வகுப்பை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லைன்னுட்டார் ஆபீசர்! உங்க சத்தம் நின்னதும் நான் பயந்தே போயிட்டேன். நல்லவேளை, லீடர் பொண்ணு எல்லாத்தையும் அழகா விளக்கிச் சொல்லிட்டா. பத்தாம் வகுப்பு உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் போகக் கூடாதாம், எழுதியே குடுத்துட்டார். புது சாரை உங்ககிட்ட வந்து கத்துக்கச் சொல்லியிருக்கார்!"

அந்த வாரம் முழுக்க டீச்சர் நடையே வேறு. பால்காரரிடம், பக்கத்து வீட்டில், ஏன், எதிர்வீட்டு என்னிடம்கூட நின்று, "இன்டர்நெட் ஒண்ணும் பிரமாதம் இல்ல. அதோட குணம் தெரிஞ்சு நடந்துக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூரை ரிப்பேர் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். இத்தனை நாள் கட்டத்துக்குள் பார்த்த முகங்கள் கழுத்து, கை, காலோடு முழுசாக நின்றதை டீச்சர் ஆசைதீரப் பார்த்தார். அப்புறம் சாக்குக்கட்டியை எடுத்தார்.

எழுதத் திரும்பிய நேரத்தில் கடைசி பெஞ்சில் ஏதோ 'ணங்' என்று விழுந்தது. கொட்டாவியின் பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாக் கண்ணாடி உருண்டு, டீச்சர் காலடி வரைக்கும் வந்து படுத்தது.

"இங்கேயுமா! வேற யார் யார்கிட்ட இருக்கு? எடுத்து மேஜை மேல வைங்க!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் பைகள் திறந்தன. பெஞ்சுக்குப் பெஞ்சு, ஆளுக்கு ஒன்று. வட்டம், சதுரம், மூலை உடைந்தது, ஸ்கூட்டரிலிருந்து கழற்றியது. புதுக்கூரை முழுக்க வெயில் துண்டு துண்டாக ஆடியது.

"நேர்ல வந்தும் தலை சீவியாகணுமா உங்களுக்கு?"

கொட்டாவி எழுந்து நின்றாள்.

"சீவறதுக்கு இல்ல டீச்சர். இன்னைக்கு, எங்களுக்கு நேராவே தெரிஞ்ச அந்த முதல் நாள் மாதிரி எழுதுவீங்களா, இல்ல அப்புறம் எழுதின மாதிரி திருப்பியே எழுதுவீங்களான்னு தெரியல. எப்படி எழுதினாலும் படிச்சுடலாம்னுதான் எல்லாரும் கொண்டு வந்தோம்."